குழந்தை மருத்துவ முதுநிலைப் பயிற்சி

எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவர், மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே குழந்தைநல மருத்துவராகத் தேறும் மூன்றாண்டுக் கல்வி குழந்தை மருத்துவ முதுநிலைப் பயிற்சி எனப்படுகிறது. பிறந்த நிமிடம் முதல் வளரிளம் பருவம் முடியும் வரையிலான வயதினரின் நோய், வளர்ச்சி, நோய்த்தடுப்பு ஆகியவை இதன் பாடப்பரப்பு. இந்தியாவில் எம்.டி., டி.என்.பி. என்ற இரண்டு மூன்றாண்டுப் பட்டங்களும், இரண்டாண்டுப் பட்டயமும் இத்துறையில் வழங்கப்படுகின்றன. பயிற்சி பெறுபவர் பல்கலைக்கழகத்துக்கு மாணவர். வார்டில் படுத்திருக்கும் குழந்தைக்கு அவரே முதலில் ஓடிவரும் மருத்துவர். இந்த இரட்டை நிலைதான் பயிற்சியின் அமைப்பைத் தீர்மானிக்கிறது. மூத்தவர்களின் மேற்பார்வையில் சிறிய பொறுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு பெரிய பொறுப்பை ஏற்கச் செய்வதே அதன் அடிப்படை முறை.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இந்திய மருத்துவக் கல்லூரிகளில் குழந்தை மருத்துவம் பொது மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே கற்பிக்கப்பட்டது. 1835இல் தொடங்கப்பட்ட சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறை தனித்து வளர 1940களின் இறுதியில் வழி பிறந்தது. எழும்பூர் அரசு பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவர் எஸ்.டி. ஆச்சார் தலைமையில் வளர்ந்த குழந்தை மருத்துவப் பிரிவே பின்னர் ஹால்ஸ் சாலையில் உள்ள குழந்தைகள் நல நிலையமாகவும் குழந்தைகள் மருத்துவமனையாகவும் உருவெடுத்தது. அவர் பெயரைத் தாங்கிய பாடநூல் பல தலைமுறை மாணவர்களின் மேசையில் இருந்தது.

நாடளவில் இயங்கிவந்த இரண்டு குழந்தை மருத்துவர் சங்கங்கள் 1963இல் ஒன்றிணைந்து இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் ஆயின. அதன் ஆய்விதழ் அடுத்த ஆண்டு முதல் வெளிவருகிறது. 1975இல் தேசியத் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டது. 1982இல் அது தன்னாட்சி பெற்றது. மருத்துவக் கல்லூரியாக இல்லாத பெரிய மருத்துவமனைகளிலும் சிறப்பு மருத்துவர்களைப் பயிற்றுவிக்க டி.என்.பி. பட்டம் வழி திறந்தது. நீண்ட காலம் மேற்படிப்புகளை நெறிப்படுத்திய இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு 2020 செப்டம்பர் 25 அன்று தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. இன்றைய எம்.டி. பாடத்திட்டம், வருகைப்பதிவு, தேர்வு விதிகள் அனைத்தும் அந்த ஆணையத்தின் முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறைகளின்படி நடக்கின்றன.

டி.சி.எச். என்று அறியப்படும் இரண்டாண்டுப் பட்டயம் ஒரு காலத்தில் சிறு நகரங்களின் குழந்தை மருத்துவர்களில் கணிசமானோருக்கு இருந்த தகுதி. கடந்த பத்தாண்டில் பல கல்லூரிகள் பட்டய இடங்களை எம்.டி. இடங்களாக மாற்றிக்கொண்டதால் அது அருகியது. 2020இல் தேசியத் தேர்வு வாரியம் குழந்தை மருத்துவம் உள்ளிட்ட சில துறைகளில் தனது இரண்டாண்டுப் பட்டயத்தைத் தொடங்கியது.

சேர்க்கை

எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டு வகுப்பும் ஓராண்டு கட்டாயச் சுழற்சிப் பயிற்சியும் கொண்டது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் ஹவுஸ் சர்ஜன் என்றும் சி.ஆர்.ஆர்.ஐ. என்றும் அழைக்கப்படும் இந்த ஓராண்டில் குழந்தை மருத்துவ வார்டிலும் அவர்களுக்குப் பணி உண்டு. மேற்படிப்புத் துறையைப் பலர் தேர்ந்துகொள்வது அப்போதுதான்.

பெரும்பாலான நிறுவனங்களில் முதுநிலை நீட் தேர்வின் மதிப்பெண்ணே எம்.டி., டி.என்.பி., பட்டயம் ஆகிய மூன்றுக்கும் நுழைவாயில். தேர்வில் 200 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. அரசுக் கல்லூரிகளின் எம்.டி. இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கிறது. மீதியை மாநிலத் தேர்வுக்குழு கலந்தாய்வு மூலம் நிரப்புகிறது.

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் பணிபுரியும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் தனி இடம் வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. அரசு மருத்துவர் சங்கம் தொடுத்த வழக்கில், அவ்வாறு இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. கிராமப்புறத்தில் பணியாற்றி வந்தவரும் நேற்று ஹவுஸ் சர்ஜன் முடித்தவரும் ஒரே யூனிட்டில் முதலாண்டு மாணவர்களாகச் சேர்ந்து பணிபுரிவது தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் வழக்கமான காட்சி.

சென்னையில் பயிற்சி மையங்கள்

சென்னை மருத்துவக் கல்லூரியின் எம்.டி. மாணவர்கள் எழும்பூர் குழந்தைகள் நல நிலையத்தில் பயில்கிறார்கள். மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் சிக்கலான நோயுடன் குழந்தைகள் அங்கு அனுப்பப்படுவதால், பிற இடங்களில் அரிதாகப் பார்க்கக்கூடிய நோய்களையும் மாணவர் நேரில் காண்கிறார். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரிகளும், போரூர் ஸ்ரீராமச்சந்திரா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் எம்.டி. நடத்துகின்றன.

கே.கே. நகரில் அசோக் பில்லர் சாலையில் அமைந்த இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரியும் முதுநிலை நிலையமும் மற்றொரு மையம். தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் பதிவுபெற்ற தொழிலாளர் குடும்பங்களுக்காக எழுந்த மருத்துவமனை இது. இங்கு வரும் குழந்தைகளில் பெரும்பகுதி அக்குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒரே குழந்தையைத் தடுப்பூசிக்கும் காய்ச்சலுக்கும் ஆஸ்துமாவுக்கும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு இத்தகைய மருத்துவமனையில் அதிகம்.

டி.என்.பி. பயிற்சிக்கு நுங்கம்பாக்கத்தில் உள்ள காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனை, சேத்துப்பட்டு மேத்தா மருத்துவமனை போன்ற தனியார் மையங்கள் அறியப்பட்டவை. அரசுக் கல்லூரிகளின் எம்.டி. தேர்வை நடத்திப் பட்டத்தை வழங்குவது கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்.

யூனிட்டும் பொறுப்பு வரிசையும்

குழந்தை மருத்துவத் துறை யூனிட்டுகளாகப் பிரிந்து இயங்குகிறது. பேராசிரியர் யூனிட்டின் தலைவர். மாணவர்கள் அவரைச் சீஃப் என்பார்கள். அவருக்குக் கீழே இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர்கள், மூன்று ஆண்டு மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள் என்று வரிசை அமைகிறது. வாரத்தில் குறிப்பிட்ட நாள் அந்த யூனிட்டின் அட்மிஷன் நாள். அன்று உள்நோயாளியாகச் சேரும் குழந்தைகள் வீடு திரும்பும் வரை அதே யூனிட்டின் பொறுப்பில் இருப்பார்கள்.

முதலாண்டு மாணவரின் வேலை படுக்கையருகே. தாயிடம் நோயின் வரலாற்றைக் கேட்டு கேஸ் ஷீட் எழுதுவது, எடையும் உயரமும் தலைச்சுற்றளவும் எடுத்து வளர்ச்சி வரைபடத்தில் குறிப்பது, ரத்த மாதிரி எடுப்பது, ஊசிவழி போடுவது, பரிசோதனை முடிவுகளைத் துரத்திப் பிடிப்பது, காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் சொல்வது ஆகியவை அதில் அடங்கும். எட்டு மாதக் குழந்தை எதையும் சொல்லாது. அதன் நோயைத் தாயின் சொல்லிலிருந்தும், குழந்தை மூச்சு விடும் விதத்திலிருந்தும், பால் குடிக்கும் ஆர்வத்திலிருந்தும் படித்தாக வேண்டும். அந்தப் பார்வை இந்த ஆண்டில்தான் உருவாகிறது.

இரண்டாம் ஆண்டில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளும் அவசரப் பிரிவும் முன்னுக்கு வருகின்றன. முதலாண்டு மாணவர் எழுதிய சிகிச்சையைச் சரிபார்ப்பதும் இவர் பொறுப்பு. மூன்றாம் ஆண்டு மாணவர் இரவில் வார்டு முழுவதையும் மேற்பார்வையிடுகிறார். பிற துறைகளிலிருந்து வரும் ஆலோசனை அழைப்புகளுக்குச் செல்கிறார். இளையவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் கற்றுக்கொடுக்கிறார். எந்த நிலையிலும் முடிவு கடினமானால் உதவிப் பேராசிரியரை அழைப்பது கடமை. எப்போது அழைக்க வேண்டும் என்று அறிவது பயிற்சியின் முக்கியமான பாடங்களில் ஒன்று.

சுழற்சிப் பணிகள்

மூன்றாண்டில் பெரும்பகுதி பொது வார்டிலும் புறநோயாளிப் பிரிவிலும் கழிகிறது. மீதிக் காலம் பல பிரிவுகளுக்குச் சுழற்சியாகப் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

பச்சிளம் குழந்தைகள் பிரிவு இவற்றில் தலையாயது. மாணவர் பிரசவ அறையிலும் அறுவை அரங்கிலும் குழந்தை பிறக்கும் நேரத்தில் நிற்கிறார். துடைத்துச் சூடேற்றித் தூண்டியும் மூச்சு விடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் முகமூடியும் பையும் கொண்டு மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும். இதயத்துடிப்பு அப்போதும் நிமிடத்துக்கு 60க்குக் கீழே இருந்தால் மூன்று மார்பழுத்தத்துக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் தொடர வேண்டும். இதைப் பொம்மையில் பலமுறை செய்து பழகிய பிறகே பிரசவ அறைப் பணி தரப்படுகிறது. குறைமாதக் குழந்தைக்குச் செயற்கை சுவாசம், தொப்புள்கொடி ரத்தக்குழாயில் குழாய் செலுத்துதல், மஞ்சள் காமாலைக்கு ஒளிச் சிகிச்சை, தாயின் மார்போடு அணைத்துவைக்கும் கங்காரு பராமரிப்பு, தாய்ப்பால் ஊட்டலுக்கு உதவுதல் எல்லாம் இங்கே கற்பவை.

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு, அவசரப் பிரிவு, தடுப்பூசி மையம், வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான மையம் ஆகியவற்றுக்கும் மாணவர் செல்கிறார். இதயம், நரம்பு, சிறுநீரகம், ரத்தம் மற்றும் புற்றுநோய், நாளமில்லாச் சுரப்பி போன்ற சிறப்புப் பிரிவுகளிலும், குழந்தை அறுவைச் சிகிச்சை, தோல் துறைகளிலும் குறுகிய காலப் பணி உண்டு.

எடைக் கணக்கு

பெரியவர் மருத்துவத்திலிருந்து குழந்தை மருத்துவத்தைப் பிரிக்கும் அன்றாட வேலை மருந்தளவுக் கணக்கு. பெரியவருக்கு மாத்திரையின் அளவு ஏறக்குறைய நிலையானது. குழந்தைக்கு ஒவ்வொரு மருந்தையும் கிலோ கணக்கில் பார்த்து எழுத வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கொண்டால், 8 கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம் வேண்டும். கடைகளில் அந்த மருந்து பல அடர்த்திகளில் கிடைக்கிறது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 5 மில்லி. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 2.4 மில்லி, ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் 1.2 மில்லி. பெயர் மட்டும் எழுதி அடர்த்தியை எழுதாமல் விட்டால், வீட்டில் இருமடங்கோ அதற்கு மேலோ மருந்து போய்விடும். ஆகவே மில்லிகிராம், அடர்த்தி, மில்லி மூன்றையும் எழுதி, தாயிடம் அளவுக் கோப்பையைக் காட்டிச் சொல்லும் பழக்கம் முதல் மாதத்திலேயே ஊட்டப்படுகிறது.

ஊசிவழி திரவத்துக்கும் இதே கவனம் தேவை. 1957 முதல் வழக்கிலுள்ள கணக்குப்படி, ஒரு நாளைக்கு முதல் 10 கிலோவுக்குக் கிலோ ஒன்றுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 50 மில்லி, அதற்கு மேல் 20 மில்லி. 14 கிலோ குழந்தைக்கு 1,000 மில்லியும் 200 மில்லியும் சேர்த்து நாளொன்றுக்கு 1,200 மில்லி. மணிக்கு 50 மில்லி. இது உடலுக்கு வழக்கமாக வேண்டிய அளவு மட்டுமே. வயிற்றுப்போக்கில் இழந்த நீரைத் தனியாகக் கூட்ட வேண்டும்; சிறுநீரகமோ இதயமோ பாதிக்கப்பட்டிருந்தால் குறைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் சென்னை வார்டுகளில் நிறையும் டெங்குக் காய்ச்சல் இந்தக் கணக்கின் கடுமையான தேர்வு. காய்ச்சல் தணியும் வேளையில்தான் ஆபத்துக் கட்டம் தொடங்குகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரம் வரை திரவம் கசிகிறது. இரவுப் பணியில் உள்ள மாணவர் சில மணிக்கு ஒருமுறை நாடி, கைகால் சூடு, சிறுநீர் அளவு, ரத்த அடர்த்தி ஆகியவற்றைப் பார்க்கிறார். ரத்த அழுத்தத்தின் மேல், கீழ் எண்களுக்கிடையே வித்தியாசம் 20 அல்லது அதற்கும் குறைவாகச் சுருங்கினால் அதிர்ச்சி நிலை என்று பொருள். அப்போது திரவம் போதாமல் போனால் உயிருக்கு ஆபத்து. கசிவு நின்ற பின்னும் அதே வேகத்தில் கொடுத்தால் நுரையீரலில் நீர் கோக்கும். இதனால் திரவ அளவை ஒரே இரவில் பலமுறை மாற்றி எழுத நேரிடுகிறது.

மாவட்ட உறைவிடப் பயிற்சி

எம்.டி. மாணவர் ஒவ்வொருவரும் மூன்றாம், நான்காம் அல்லது ஐந்தாம் அரையாண்டில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனை ஒன்றில் பணியாற்ற வேண்டும். இந்த ஏற்பாடு 2020இல் விதியாக வந்தது. பெரிய கல்லூரி மருத்துவமனையில் எல்லாப் பரிசோதனைகளும் ஆலோசகர்களும் அருகில் இருக்கும். மாவட்டத்தில் எந்தக் குழந்தையை அங்கேயே வைத்துப் பார்க்கலாம், எந்தக் குழந்தையை எந்த ஏற்பாட்டுடன் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானிக்கப் பழகுகிறார்.

பொது சுகாதாரத் திட்டங்களையும் மாணவர் இங்கு அருகிருந்து பார்க்கிறார். பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதித்துக் கண்டறியும் தேசியக் குழந்தைநலத் திட்டம் 2013இல் தொடங்கியது. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கண்டறியப்பட்ட குழந்தை மாவட்ட மையத்துக்கு வந்து சேரும் பாதையை அறிந்தவருக்குத் தன் ஓ.பி.க்கு வரும் குழந்தையை எங்கே அனுப்புவது என்பது தெரியும்.

வகுப்புகளும் ஆய்வேடும்

வார்டுப் பணிக்கு நடுவே கருத்தரங்கு, ஆய்விதழ் வாசிப்பு, நோயாளி அருகே நடக்கும் வகுப்பு, இறந்த குழந்தைகளின் சிகிச்சையைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம் ஆகியவை நடக்கின்றன. இந்தக் கடைசிக் கூட்டம் குற்றம் சாட்டும் இடமாக இல்லாமல், எந்தக் கட்டத்தில் என்ன செய்திருக்கலாம் என்று ஆராயும் இடமாக நடந்தால்தான் பயன் தரும். செய்த சிகிச்சை முறைகளை மாணவர் பதிவேட்டில் எழுதி ஆசிரியரிடம் கையொப்பம் பெறுகிறார்.

ஆராய்ச்சி முறை, மருத்துவ அறம், உயிர்காப்புச் சிகிச்சை ஆகியவற்றில் தனிப் பயிற்சிகள் கட்டாயம். ஒவ்வொரு மாணவரும் வழிகாட்டி ஒருவரின் கீழ் ஆய்வேடு எழுத வேண்டும். நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதலும், குழந்தைகள் ஆய்வுக்கு உட்படும்போது பெற்றோரின் எழுத்துவழிச் சம்மதமும் தேவை; விவரம் புரியும் வயதுக் குழந்தையிடம் அதன் இசைவையும் கேட்க வேண்டும். ஆய்வேட்டை இறுதித் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே ஒப்படைக்க வேண்டும்.

தகவல் சொல்லும் திறனும் பாடத்தில் இடம்பெற்றுள்ளது. நாட்பட்ட நோயைப் பெற்றோரிடம் விளக்குவது, இறப்புச் செய்தியைச் சொல்வது, வளரிளம் பருவத்தினரிடம் தனிமை காத்துப் பேசுவது ஆகியவற்றை மூத்தவர்களைப் பார்த்துக் கற்கிறார்கள். குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருப்பதாகத் தெரியவந்தால் காவல் துறைக்குத் தெரிவிப்பது 2012 போக்சோ சட்டப்படி கட்டாயம் என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

தேர்வு

எம்.டி. இறுதித் தேர்வில் நான்கு எழுத்துத் தாள்கள். முதலாவது, குழந்தை மருத்துவத்துக்கு வேண்டிய அடிப்படை அறிவியல். இரண்டாவது, பச்சிளம் குழந்தை மருத்துவமும் சமூகக் குழந்தை மருத்துவமும். மூன்றாவதில் ஊட்டச்சத்து, வளர்ச்சி, தடுப்பூசி, தொற்றுநோய், தீவிர சிகிச்சை, நஞ்சு போன்றவை வரும். நான்காவதில் நரம்பு, சிறுநீரகம், ரத்தம், சுவாசம், இதயம், குடல் போன்ற உறுப்பு மண்டலங்கள் அடங்கும்.

செய்முறைத் தேர்வு நோயாளிக் குழந்தைகளை வைத்தே நடக்கிறது. நெடிய கேஸ் ஒன்றில் மாணவர் வரலாறு கேட்டு, உடலைப் பரிசோதித்து, நோயைக் கணித்துச் சிகிச்சையை வாதிட்டு நிறுவ வேண்டும். அதைத் தொடர்ந்து குறுகிய கேஸ்களும் பச்சிளம் குழந்தை ஒன்றும் இருக்கும். எக்ஸ்ரே, மருந்து, கருவி, ஆய்வக முடிவு ஆகியவற்றை வைத்து நேர வரம்புக்குள் விடையளிக்கும் பகுதியும் வாய்மொழித் தேர்வும் உண்டு. வெளியூர்த் தேர்வாளர்களும் அமர்ந்திருப்பார்கள். டி.என்.பி. மாணவருக்குத் தேசிய அளவில் எழுத்துத் தேர்வு நடக்கும். அதில் தேறியவர் தான் பயின்ற மருத்துவமனையை விட்டு வேறொரு மையத்தில் செய்முறைத் தேர்வு எழுதுகிறார்.

பணி நேரமும் ஓய்வும்

1992 ஜூன் 5 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட உத்தரவு, பயிற்சி மருத்துவரின் தொடர்ப் பணி வழக்கமாக 12 மணி நேரத்தையும், வாரப் பணி 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்றது. நடைமுறையில் அட்மிஷன் நாளின் பணி மறுநாள் ரவுண்ட்ஸ் முடியும் வரை நீள்வது இந்தியக் கல்லூரிகளில் பரவலாக இருந்துவருகிறது. 2023 முதுநிலை ஒழுங்குமுறைகள் நியாயமான பணி நேரம், வார விடுப்பு ஒரு நாள், ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் தற்செயல் விடுப்பு, 5 நாள் கல்வி விடுப்பு ஆகியவற்றைக் குறிப்பிடுகின்றன. மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி ஆராய தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது என்று பரிந்துரைத்தது.

குழந்தை மருத்துவத்தில் இந்த விதிகள் மருத்துவரின் நலனோடு நிற்பதில்லை. தசமப் புள்ளி ஒன்று இடம் மாறினால் மருந்தளவு பத்து மடங்காகும். தூக்கமின்றி எழுதும் கை அந்தத் தவறைச் செய்யக்கூடும். ஆகவே போதிய ஓய்வும், பணி மாறும்போது ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் முறையாகப் பொறுப்பு ஒப்படைப்பதும் நோயாளிப் பாதுகாப்பின் பகுதிகள்.

பிற நாடுகளில்

அமெரிக்காவிலும் பயிற்சி மூன்றாண்டுதான். 2003 முதல் நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு உள்ளது. பிரிட்டனில் இரண்டாண்டு அடித்தளப் பயிற்சிக்குப் பிறகு ஏறத்தாழ ஏழாண்டு நீளும் படிநிலைத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதை முடிப்பவர் ஆலோசக மருத்துவராகத் தகுதி பெறுகிறார். இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் இப்பயிற்சியை நடத்துகிறது. கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனை அதன் முக்கியக் களம். அங்கு எம்.டி.க்குப் பிறகு வெளிநாட்டுப் பயிற்சியும் முடித்தே சிறப்பு மருத்துவர் தகுதி கிடைக்கிறது.

பயிற்சிக்குப் பின்

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் படித்தவர்கள் சேரும்போது எழுதிக்கொடுத்த ஒப்பந்தப்படி குறிப்பிட்ட காலம் அரசுப் பணி செய்ய வேண்டும். மேலும் படிக்க விரும்புவோர் தனி நுழைவுத் தேர்வு எழுதி, பச்சிளம் குழந்தை மருத்துவம், குழந்தை நரம்பியல், குழந்தை இதயவியல் போன்ற துறைகளில் மூன்றாண்டு டி.எம். அல்லது டி.ஆர்.என்.பி. படிப்பில் சேரலாம். மற்றவர்கள் அரசு மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனையிலோ சொந்தக் கிளினிக்கிலோ பணியைத் தொடங்குகிறார்கள். எந்த வழியில் சென்றாலும், பெற்ற பட்டத்தைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.